பிறப்பு குறைந்த பிறகும் எண்ணிக்கை ஏன் ஏறுகிறது? நடுநிலைப் பள்ளியில் மக்கள்தொகைப் பாடம்

ஜூலை 11 வந்துவிட்டால் பள்ளிகளில் உலக மக்கள்தொகை நாள். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, ஊர்வலத்துக்கு வாசக அட்டை. ஓவியங்களைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே படம்தான்: பூமி உருண்டையின் மேல் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், பூமி கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். அட்டையில் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்றிருக்கும். 1987-ல் அந்தத் தேதியை ஒட்டி உலக மக்கள்தொகை 500 கோடியைத் தொட்டதாகக் கணித்தார்கள். 1989-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆட்சிக்குழு அதை உலக நாளாக அனுசரிக்கப் பரிந்துரைத்தது. படமும் வாசகமும் அதற்கும் முந்தியவை. இன்று அவற்றை வரைகிற பிள்ளையின் மாநிலத்தில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் இரண்டுகூட இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1.8; பிறப்பு இறப்பைப் பதிந்துவரும் அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 கணக்கில் 1.4.

தாத்தா காலத்துப் பாடத்தைப் பேரப்பிள்ளைக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். “அப்படியென்றால் மக்கள்தொகை பெருகவில்லையா?” என்று கேட்பார்கள். பெருகத்தான் செய்கிறது. 2022 நவம்பர் 15-ல் உலகம் 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. 2023 ஏப்ரலில் இந்தியா சீனாவை முந்தியது. பிறப்பு குறைந்துவிட்டது, ஆனாலும் எண்ணிக்கை ஏறுகிறது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாகும் என்பதுதான் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கவேண்டிய விஷயம். அது விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வந்துவிடும். பாடத்துக்கு இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் மக்கள்தொகையும் குடியிருப்புகளும் பற்றிய பாடம் உண்டு. பல ஆண்டுகள் நடத்தப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்புப் புவியியல் நூலில் கென்யா, இந்தியா, ஜப்பான் மூன்றின் வயதுக் கூம்புகளும் (எந்த வயதில் எத்தனை பேர் என்று காட்டும் படங்கள்) பக்கம் பக்கமாக இருந்தன. குறை நாம் நடத்தும் விதத்தில்தான். வரையறை, அட்டவணை, ‘மக்கள்தொகைப் பெருக்கத்தின் தீமைகள் ஐந்து’ என்று போய்விடுகிறோம்.

இறப்பிலிருந்து தொடங்குவது

மக்கள்தொகை ஏன் பெருகியது என்று ஏழாம் வகுப்பில் கேட்டால், “நிறையக் குழந்தை பெத்துக்கிட்டாங்க சார்” என்று ஒரே குரலில் பதில் வரும். இது தவறான பதில் என்பதைக் காட்ட இந்தியாவின் 1921 கணக்கெடுப்பு ஒன்றே போதும். 1901-ல் இந்தியாவின் மக்கள்தொகை 23.84 கோடி. 1911-ல் 25.21 கோடி. 1921-ல் 25.13 கோடி. பத்து ஆண்டில் கூடவில்லை, குறைந்தேவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு பெண் ஆறேழு பிள்ளை பெறுவது சாதாரணம். அப்படியும் குறைந்தது என்றால் பிறந்த பிள்ளைகள் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர் சற்று வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். 1918-19 விஷக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) மட்டுமே இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பிளேக், காலரா, அம்மை, பஞ்சம் எல்லாம் அதற்கு முன்பும் இருந்தன. பிறப்பு மிக அதிகம், இறப்பும் ஏறக்குறைய அதே அளவு. அதனால் எண்ணிக்கை அசையவில்லை. 1921-க்குப் பிறகு பெரிய கொள்ளைநோய்களும் பஞ்சங்களும் மெல்ல மெல்லக் கட்டுக்குள் வந்தன. நாடு விடுதலை பெற்ற பிறகு தடுப்பூசி, மலேரியா ஒழிப்பு, குடிநீர், சுகாதார நிலையங்கள் என்று இறப்பு விரைவாக இறங்கியது. பிறப்பு உடனே இறங்கவில்லை. இடையில் விழுந்த இந்த இடைவெளிதான் பெருக்கம். மக்கள்தொகைக் கணக்கில் 1921-ஐப் ‘பெரும் பிரிவினை ஆண்டு’ என்று குறிப்பதும் இதனால்தான்.

இறப்பு எவ்வளவு வேகமாகக் குறையமுடியும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. இலங்கையில் 1946-ல் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த ஆண்டு இறப்பு 1947-ல் 14 ஆனது. ஒரே ஆண்டில்! டி.டி.டி. பூச்சிக்கொல்லி தெளித்து மலேரியாவை அடக்கியதற்கு அதில் எவ்வளவு பங்கு, உணவு நிலைமை தேறியதற்கும் மருத்துவ வசதிக்கும் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் வாதிட்டார்கள். வகுப்புக்கு அந்த வாதம் தேவையில்லை. அந்த ஓராண்டில் இலங்கைத் தாய்மார்கள் யாரும் திடீரென்று நிறையப் பிள்ளை பெற முடிவெடுத்துவிடவில்லை, ஆனால் தீவின் மக்கள்தொகை பாய்ந்து ஏறத் தொடங்கியது, அது போதும்.

இதை இப்படிச் சொல்வதில் ஒரு லாபம். மக்கள்தொகைப் பெருக்கத்தின் முதல் காரணம் குழந்தைகள் சாகாமல் பிழைத்தது. 1971-ல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. பாட்டி தலைமுறையில் எட்டுப் பெற்றதும் அதில் மூன்று தவறிப்போனதும் ஒரே கதையின் இரு பக்கம். பெற்றது தங்கும் என்ற நம்பிக்கை வராதவரை யாரும் இரண்டோடு நிறுத்தமாட்டார்கள். ‘அறியாமையால் நிறையப் பெற்றார்கள்’ என்ற ஏளனம், சொந்தப் பாட்டியைப் பற்றிய கணக்காக வரும்போது பிள்ளைகளிடம் நிற்காது.

அடுத்து சதவீதம். கணக்கு ஆசிரியரையும் கூட்டுச்சேர்த்துக்கொள்ளலாம். 1961-71-ல் இந்தியாவின் பத்தாண்டு வளர்ச்சி 24.8 சதவீதம், கூடியவர்கள் 10.9 கோடி. 2001-11-ல் வளர்ச்சி 17.7 சதவீதம், கூடியவர்கள் 18.2 கோடி. விகிதம் இறங்கிவிட்டது, கூடுதல் மட்டும் ஏறியிருக்கிறது. சின்னத் தொகையில் பெரிய சதவீதமும் பெரிய தொகையில் சின்ன சதவீதமும் என்ன செய்யும் என்பதை வட்டிக் கணக்குப் படித்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். உலக அளவிலும் இப்படித்தான். 1960-களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 சதவீதம் வளர்ந்தபோது வருடத்துக்குச் சுமார் 7 கோடிப் பேர் கூடினார்கள். இப்போது வளர்ச்சி ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் கூடுவது அதே 7 கோடி சுமார்.

2001-11-ல் இன்னொன்றும் நடந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் கூடியதைவிட இந்தப் பத்தாண்டில் கூடியவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் குறைவு. 18 கோடியில் 2 லட்சம் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் 1911-21-ஐ விட்டுவிட்டால், இந்தியாவில் முந்தைய பத்தாண்டைவிடக் குறைவாகக் கூடிய முதல் பத்தாண்டு அதுதான். அது அப்போது பெரிய செய்தியாக வந்திருக்கவேண்டும். வந்தது போலத் தெரியவில்லை.

ஒரு சின்ன நடைமுறை விஷயம்: பில்லியனை வகுப்பில் விட்டுவிடலாம். நம் பிள்ளைகளுக்கு லட்சமும் கோடியும் கை வந்த அளவுகள். ‘எட்டு பில்லியன்’ என்றால் மனப்பாடம் செய்வார்கள். ‘எண்ணூறு கோடி, அதில் நாம் நூற்றுநாற்பது சொச்சம் கோடி’ என்றால் ஆறில் ஒருவர் இந்தியர் என்று தாமே கண்டுபிடிப்பார்கள்.

புளியங்கொட்டைக் கணக்கு

மக்கள்தொகைப் பாடம் என்றாலே சதுரங்கப் பலகை அரிசிக் கதையைச் சொல்வது வழக்கம். முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று போட்டால் 64-வது கட்டத்தில் ராஜாவின் களஞ்சியமே காலி. பெருக்குத் தொடரைச் சொல்லிக்கொடுக்க அருமையான கதை. மக்கள்தொகையைச் சொல்லிக்கொடுக்க மோசமான கதை. அதில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரே இடைவெளி; முடிவே கிடையாது. மனிதர்களின் கணக்கு அப்படிப் போகவில்லை. உலகம் 100 கோடியைத் தொட்டது சுமார் 1804-ல், 200 கோடியை 1927-ல், 123 ஆண்டு. 200 கோடி 400 கோடியானது 1974-ல், 47 ஆண்டு. 400 கோடி 800 கோடியானது 2022-ல், 48 ஆண்டு. இடைவெளி சுருங்கியது, அப்புறம் நின்றது. அடுத்த இரட்டிப்பு எப்போது என்று கேட்டால் பிள்ளைகள் 2070 என்று சொல்வார்கள். ஐ.நா.வின் 2024 கணிப்போ, 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு மெல்ல இறங்கும் என்கிறது. 1,600 கோடி வருவதாகவே இல்லை.

அரிசிக்குப் பதிலாக ஒரு பை புளியங்கொட்டை கொண்டுபோனால் இதை ஒரு பாடவேளையில் காட்டிவிடலாம். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் மூன்று கட்டம்: பிள்ளைகள், பெற்றோர் வயதினர், தாத்தா-பாட்டி வயதினர். பெருகிக்கொண்டிருந்த ஒரு ஊரை வைப்போம். பிள்ளைகள் 40, பெற்றோர் 20, முதியோர் 10. மொத்தம் 70 கொட்டை. இனிமேல் இந்த ஊரில் ஒரு தம்பதிக்கு இரண்டே பிள்ளை என்று முடிவு. பிறந்த எல்லோரும் பிழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் இனி பெருகுமா என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டு, பதிலைப் பலகையில் எழுதிவைக்கவேண்டும். பெரும்பாலோர் பெருகாது என்றுதான் சொல்வார்கள்.

ஒரு சுற்று என்பது ஒரு தலைமுறை. முதியோர் 10 பேர் கட்டத்தைவிட்டு வெளியே. பெற்றோர் 20 பேர் முதியோர் ஆகிறார்கள். பிள்ளைகள் 40 பேர் பெற்றோர் ஆகிறார்கள். 20 தம்பதிக்கு 40 பிள்ளை. இப்போது 40, 40, 20, மொத்தம் 100. அடுத்த சுற்றில் 40, 40, 40, மொத்தம் 120. அதற்கடுத்த சுற்றிலும் 120 தான், இனி அசையாது. யாரும் இரண்டுக்கு மேல் பெறவில்லை. ஆனாலும் 70 பேர் இருந்த ஊர் 120 ஆகிவிட்டது. கூடியது முழுவதும், முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆனதாலும், முதியோர் கட்டம் மெல்ல நிரம்பியதாலும் வந்தது.

இதுதான் இன்றைய இந்தியா. ஒரு பெண் பெறும் குழந்தைகளின் நாட்டுச் சராசரி 2.0 ஆக இறங்கிவிட்டது. 1950-களில் அது ஏறக்குறைய ஆறு. ஆனால் அதிகம் பிறந்த காலத்துப் பிள்ளைகள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். தலைக்கு இரண்டே பெற்றாலும் பெறுகிறவர்களின் எண்ணிக்கை பெரிது. இதற்கு மக்கள்தொகை உந்தம் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் பெயரைச் சொல்லாவிட்டாலும் குடிமுழுகிவிடாது. கட்டத்தில் கொட்டையை நகர்த்திய கை மறக்காது.

ஆட்டத்தை அங்கேயே நிறுத்தவேண்டாம். 120 பேர் உள்ள ஊரில் இனி தம்பதிக்கு 1.8 பிள்ளை, அதாவது பத்துத் தம்பதிக்குப் பதினெட்டு. முதல் சுற்றில் பிள்ளைகள் 36, மொத்தம் 116. அடுத்து 32, 36, 40, மொத்தம் 108. அடுத்து 29, 32, 36, மொத்தம் 97. இப்போது மொத்தத்தைப் பார்க்காமல் கட்டங்களைப் பார்க்கச் சொல்லலாம். முதலில் 40 பிள்ளைக்கு 10 முதியோர் இருந்தார்கள். கடைசியில் 29 பிள்ளைக்கு 36 முதியோர். பிள்ளைகளுக்குச் சட்டென்று இதன் பொருள் படும். “அப்ப பாட்டிங்களை யார் சார் பார்த்துப்பாங்க?” என்று கேட்பார்கள். அதே கேள்வியைத்தான் ஜப்பானும் தென் கொரியாவும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. தென் கொரியாவில் 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. சீனா 1980 வாக்கில் கொண்டுவந்த ஒரு குழந்தைக் கொள்கையை 2016-ல் கைவிட்டு, 2021-ல் மூன்று வரை பெறலாம் என்றது; 2022-ல் அதன் மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டிலும் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது அரசின் கணிப்பு. கேரளம் நம்மைவிட முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

கூர்மையான ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: இரண்டு பேருக்கு இரண்டு பேர் போதுமே, மக்கள்தொகை ஏறாமல் இறங்காமல் இருக்க ஒரு பெண்ணுக்கு 2.1 குழந்தை வேண்டும் என்று புத்தகத்தில் ஏன் போட்டிருக்கிறது? பிறக்கும் எல்லாப் பெண் குழந்தைகளும் தாயாகும் வயதை எட்டுவதில்லை. தவிரவும் இயற்கையிலேயே பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகம் பிறக்கிறார்கள். அந்த 0.1 இவற்றுக்கான ஈடு. இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. குடும்பம் சிறுத்து, ஆண் பிள்ளை ஆசை மட்டும் சிறுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாடு பார்த்துவிட்டது. 2011-ல் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 919 பெண்கள்தான், தமிழ்நாட்டில் 943. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் ஏன் வந்தது என்று எட்டாம் வகுப்புக்கு, வயதுக்கேற்ற சொற்களில், சொல்லலாம் என்பது என் கருத்து. ‘சிறு குடும்பம்’ என்பதை முழு வெற்றிக் கதையாக மட்டும் நடத்துவது நேர்மை இல்லை.

வகுப்பில் யாரையும் கூண்டில் ஏற்றாமல்

பல ஆசிரியர்கள் செய்யும் நல்ல பயிற்சி, மூன்று தலைமுறைக் கணக்கு. பாட்டிக்கு எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள், அம்மாவுக்கு எத்தனை, உனக்கு எத்தனை? விசாரித்து வந்து பலகையில் கோடு போட்டால் ஏழு, நான்கு, ஒன்று என்று சராசரி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் இதில் இரண்டு சங்கடம் உண்டு.

ஒன்று கணக்குச் சங்கடம். ஒரு தெருவில் நான்கு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பிள்ளை இல்லை, மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து. சராசரி இரண்டு. இப்போது அந்த எட்டுப் பிள்ளைகளையும் நிறுத்தி, ‘உன் வீட்டில் உன்னையும் சேர்த்து எத்தனைப் பிள்ளைகள்?’ என்று கேட்டால், ஒரு பிள்ளை ஒன்று என்னும், இரண்டு பிள்ளைகள் இரண்டு என்பார்கள், ஐந்து பிள்ளைகள் ஐந்து என்பார்கள். கூட்டினால் 30, எட்டால் வகுத்தால் 3.75! பிள்ளை இல்லாதவர் கணக்கிலேயே வரவில்லை. பெரிய குடும்பம் ஐந்து முறை வந்துவிட்டது. பிள்ளைகளைக் கேட்டு எடுக்கும் கணக்கு எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். தப்பான கணக்கு எப்படித் தப்பாகிறது என்று பார்ப்பதைவிட நல்ல புள்ளியியல் பாடம் நடுநிலைப் பள்ளியில் கிடைக்காது. அதற்காகவே இந்தப் பயிற்சியைச் செய்யலாம்.

இன்னொன்று மனிதச் சங்கடம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அம்மா இல்லாத பிள்ளை இருக்கும், விடுதியில் வளரும் பிள்ளை இருக்கும், போன வருடம் தம்பியைப் பறிகொடுத்த பிள்ளை இருக்கும். எழுந்து நின்று சொல்லச் சொல்லக்கூடாது. பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் வாங்கிக் கலக்கிப் போட்டுக்கொள்ளவேண்டும். பாட்டியைக் கேட்கமுடியாதவர்கள் தெருவில் வேறொரு முதியவரைக் கேட்டு வரட்டும். கூடப்பிறந்தவர்கள் நான்கு பேர் என்று எழுதிய பிள்ளையின் முகத்துக்கு நேரே ‘பெருக்கத்தின் தீமைகள் ஐந்து’ நடத்தினால் அது பாடம் இல்லை, தண்டனை.

வகுப்புக்கு வெளியே இருந்து வரும் பேச்சு இன்னும் சிக்கல். இன்ன மதத்தார்தான் பெருகுகிறார்கள், இன்ன மாநிலத்தார்தான் பெருகுகிறார்கள் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதட்டி உட்காரவைப்பதைவிட எண்களைப் பலகையில் எழுதுவது மேல். 1992-93 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 குழந்தைகள், ஓர் இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019-21-ல் 2.4, 1.9. இரண்டும் இறங்கியிருக்கின்றன, அதிகம் இருந்தது அதிகம் இறங்கியிருக்கிறது. பீகாரின் இந்துக் குடும்பங்களைவிடத் தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் சிறியவை. ஒரு பெண் எத்தனை வருடம் பள்ளிக்குப் போனாள், எத்தனை வயதில் கல்யாணம், பக்கத்தில் செவிலியர் உண்டா என்ற கேள்விகள் மதத்தைவிட அதிகம் சொல்லிவிடுகின்றன.

தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்தது எப்படி என்பதையும் அப்படியே சொல்லலாம். 1952-ல் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய முதல் நாடு இந்தியா. நெருக்கடிநிலைக் காலத்தில் அது கெட்ட பெயரும் எடுத்தது: 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடு முழுதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள், அதில் எத்தனையோ பேர் வற்புறுத்தி இழுத்துவரப்பட்டவர்கள். அவ்வளவு செய்தும் அடுத்த கணக்கெடுப்பில் வளர்ச்சி விகிதம் பெரிதாக இறங்கவில்லை, 1971-81-ல் 24.7 சதவீதம், முந்தைய பத்தாண்டை ஒட்டியேதான். தமிழ்நாட்டில் இறங்கியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் வேறு மாதிரி: பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனது, திருமண வயது ஏறியது, மதிய உணவும் கிராம சுகாதார செவிலியரும், ஊருக்கு ஊர் பேருந்து. கருத்துத் தளத்தில் பெரியார் 1930-கள் வாக்கிலேயே கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று எழுதினார். வறுமைக்காகவும் நாட்டுக்காகவும் வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

சோறு போதுமா என்ற கேள்வியும் வரும். 1798-ல் ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ் அதைத்தான் கேட்டார்: மக்கள் பெருக்குத் தொடரில் பெருகுவார்கள், உணவு கூட்டுத் தொடரில்தான் கூடும் என்றார். இந்தியாவில் 1950-51-ல் 5 கோடி டன் உணவு தானியம் விளைந்தது. 2022-23-ல் ஏறத்தாழ 33 கோடி டன். மக்கள் நான்கு மடங்கு ஆனார்கள், தானியம் ஆறரை மடங்கு. மால்தஸ் தோற்றார் என்று இதோடு முடித்துவிடவும் முடியாது. அந்த விளைச்சலுக்குப் பஞ்சாபின் நிலத்தடி நீர் கொடுத்த விலை தனிப் பாடம். சூழல் மாசு என்று வரும்போது தலைகளை மட்டும் எண்ணினால் கணக்கு உதைக்கும். கரியமில வாயு வெளியேற்றம் ஆண்டுக்கு ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன், ஓர் அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். பூமி அழும் படத்தில் மேலே நெருக்கியடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவே வரையப்படுகிறார்கள். ஏன் என்று ஓவிய ஆசிரியரும் யோசிக்கலாம்.

அதேபோல, நெரிசல் வேறு, பெருக்கம் வேறு. தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவைக் காட்டி ‘பாருங்கள் மக்கள்தொகை’ என்பது எல்லோரும் செய்யும் பிழை. 2011-ல் சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000-க்கு மேல், தமிழ்நாட்டுக்கு 555, அருணாசலப் பிரதேசத்துக்கு 17. இது அடர்த்தி. இதைத் தீர்மானிப்பது பிறப்பைவிட வேலை எங்கே இருக்கிறது என்பதுதான்.

பாடநூலில் விடை இல்லாத கேள்வி

எட்டாம் வகுப்பில் கடைசியாக ஒரு புதிர் போடலாம். தமிழ்நாட்டின் பத்தாண்டு வளர்ச்சி 1991-2001-ல் 11.7 சதவீதம். 2001-11-ல் 15.6 சதவீதம். இதே காலத்தில் பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறப்பு குறையக் குறைய வளர்ச்சி எப்படிக் கூடும்? புளியங்கொட்டை ஆட்டம் ஆடியவர்கள் உந்தம் என்பார்கள். அது பாதி விடைகூட இல்லை. உந்தம் அதற்கு முந்தைய பத்தாண்டிலும் இருந்தது. இறப்பு குறைந்ததா? கொஞ்சம். அப்புறம் யோசித்து யோசித்து யாராவது ‘வெளியிலிருந்து வந்தவர்கள்’ என்பார்கள். பிறப்பு, இறப்பு இரண்டை மட்டும் வைத்தே பாடம் நடத்திவிட்டு இடப்பெயர்ச்சியை ஒரு வரியில் கடந்துபோகிறோம். ஒரு நாட்டுக்கு அது சரிப்படலாம், ஒரு மாநிலத்துக்கோ ஒரு ஊருக்கோ சரிப்படாது. திருப்பூரிலோ ஓசூரிலோ பள்ளிக்கூடம் என்றால் விடை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும்: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களுடைய ஊரில் ஆள் போனதால் என்ன மாறியது என்று அவர்களே சொல்லட்டும்.

இந்தப் புதிரிலிருந்து குடிமையியலுக்கும் போகலாம். மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடம். 1976-ல் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் மாநிலங்களுக்கான இட ஒதுக்கீட்டை 1971 மக்கள்தொகையோடு நிறுத்திவைத்தது; குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் அதற்காக இடம் இழக்கக்கூடாது என்பது நோக்கம். 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஆளுக்கு ஒரு வாக்கு, வாக்குக்கு ஒரே மதிப்பு என்பதும் நியாயம். சொன்னதைச் செய்த மாநிலத்தின் குரல் சுருங்கக்கூடாது என்பதும் நியாயம். பெரியவர்களே முடிவுக்கு வராத விஷயத்தில் பிள்ளைகளிடம் முடிவு கேட்கவேண்டாம். இரண்டு பக்கத்தையும் எண்களோடு பேசச் சொன்னால் போதும். ‘மக்கள்தொகை வரமா, சாபமா’ என்ற பட்டிமன்றத் தலைப்பை இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவது?

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பலகையில் எழுதும் கடைசி உறுதியான எண் 2011-ஐச் சேர்ந்தது. 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து அடுத்தது நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை நாம் சொல்லும் 140 கோடி சொச்சமும் கணிப்புதான், எண்ணியது அல்ல. எண்ணியதற்கும் கணித்ததற்கும் வேறுபாடு உண்டு என்று அட்டவணைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடவேண்டும். கணக்கெடுப்பாளராக வீடு வீடாகப் போகப்போவது பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள்தான். என்னென்ன கேள்வி, யாரை எந்த ஊரில் சேர்ப்பது, வேலைக்குப் போயிருக்கும் அப்பாவை எங்கே எண்ணுவது என்றெல்லாம் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அந்தக் குறிப்புகளை வகுப்புக்கும் கொண்டுபோய், பள்ளி இருக்கும் ஒரே ஒரு தெருவை வீடுவீடாக எண்ணுவது எப்படி என்று எட்டாம் வகுப்பையே திட்டம் போடச் சொல்லலாம். பூட்டியிருக்கும் வீட்டை என்ன செய்வது என்பதில் தொடங்கி முதல் பாடவேளை முழுதும் வாக்குவாதத்திலேயே போய்விடும், போகட்டும்.